கழற்றலாம், வெட்டக் கூடாது

பதிவு நீளம்தான். ஆனால் வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிளும் அதை ஓட ஒரு பெடியனும் இருந்தால் தயவுசெய்து கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

கொஞ்சக் காலமாக ஊருக்குள் ஒரு கதை திரும்பத் திரும்பக் கேட்கிறது. "மெக்கானிக்குக்கு ஏன் காசு? போனில வீடியோவைப் பார்த்தால் எல்லாம் நாங்களே செய்யலாம்." தேநீர்க்கடையில் கேட்கிறது, வாடியடியில் கேட்கிறது, தொழுகை முடிந்து வெளியில் நிற்கும்போதும் கேட்கிறது. இந்தக் கதையில் பாதி சரி. மற்றப் பாதி ஆளைக் கொல்லும். எது எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்காமல் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பக்கத்தை முதலே சொல்லிவிடுகிறேன். கழற்றித் துடைத்து, அதே இடத்தில் அதே மாதிரித் திரும்பப் பூட்டக்கூடிய வேலையை நீங்களே செய்யுங்கள். அதற்குக் கராச்சுக்குப் போவது நேரமும் காசும் வீண். ஆனால் வெட்டுகிற, ஒட்டுகிற, துளைக்கிற, வயரைச் சீவி முறுக்குகிற வேலையை வீட்டு முற்றத்தில் செய்யாதீர்கள். அதில் சிலதை மெக்கானிக்கும் செய்யக் கூடாது.

இந்த வாதத்தைத் தொடங்குகிறவர்கள் கடைசியில் போய் நிற்பது பொருளாதாரத் தடைக் காலத்தில்தான். "தொண்ணூறுக்குப் பிறகு பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சாமான் இல்லை. அப்பவே எங்கட ஆக்கள் எல்லாத்தையும் தாங்களே செய்தவை. இப்ப உங்களுக்கு மெக்கானிக் கேக்குதோ?" என்கிறார்கள்.

1990 ஒக்டோபரில் எங்கட சனம் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்டது. ஆகவே அந்தக் காலத்து வன்னியை நான் கண்டதில்லை. இங்கேயே இருந்து அந்த வருடங்களைக் கடந்தவர்கள் சொல்லக் கேட்டதுதான். கேட்ட வரைக்கும் அது பெருமைப்பட வேண்டிய கதை. பெற்றோலில் ஓடவென்று செய்த எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினுக்குள் சரியாக ஆவியாகாது. அதனால் சின்னப் போத்தலில் கொஞ்சப் பெற்றோலைப் பத்திரமாக வைத்திருந்து, கார்பரேட்டருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மண்ணெண்ணெயில் பிளக்கில் கரி கூடுதலாகப் பிடிக்கும். எஞ்சின் தட்டும். எரியாமல் மிஞ்சுகிற எண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். இதெல்லாம் தெரிந்துதான் அந்த எஞ்சின்களை வைத்துக் காலம் ஓட்டினார்கள்.

இந்தக் கதையை நன்றாகக் கேளுங்கள். அதை முன்னின்று செய்தவர்கள் யார்? எஞ்சினை எத்தனையோ தரம் பிரித்துப் பூட்டிய கராச்சுக்காரர்களும், அவர்களிடம் நின்று கை பழகியவர்களும். ஏன் செய்தார்கள்? வேறு வழி இல்லாததால். எப்படிச் செய்தார்கள்? திருப்பி மாற்றக்கூடிய மாதிரி. 2002 இல் தடை நீங்கிப் பெற்றோல் வந்ததும் வண்டிகள் பெற்றோலுக்குத் திரும்பின. மண்ணெண்ணெய் ஓட்டம் ஒரு பாரம்பரியம், அதைக் காப்பாற்ற வேணும் என்று அவர்களில் ஒருவரும் பிடிவாதம் பிடிக்கவில்லை.

இன்றைக்கு அரத்தை எடுத்துச் சைலென்சரை வெட்டுகிற தம்பிக்கு என்ன தடை? எந்தச் சோதனைச்சாவடி அவருக்குப் பெற்றோலை மறித்தது? அந்தத் தலைமுறையின் கஷ்டத்தை எடுத்து எங்கட விளையாட்டுக்குச் சாட்சியாக வைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

சரி, 2022 ஐயும் சிலர் சொல்வார்கள். அந்த வருடம் பெற்றோல் லீற்றர் 470 ரூபா வரை போனது. கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான். அப்போது பெற்றோலுக்குள் மண்ணெண்ணெய் கலந்து ஓடிப் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியது. கலந்ததில் கிடைத்த லாபம் அன்றோடு போனது. எஞ்சினுக்குள் சேர்ந்த கரி போகவில்லை.

இப்போது சரியான பாதிக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் பழைய வண்டியின் விலையும் உச்சிக்கு ஏறியது. இருக்கிற வண்டியை இன்னும் பல வருடத்துக்கு வைத்து ஓட வேண்டிய நிலையில்தான் எங்கட ஊரில் பலர் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் செயினுக்கு ஒயில் போடவும் பிளக்கைத் துடைக்கவும் ஒருவர் வேலை மினக்கெட்டுக் கராச்சுக்கு வண்டியை உருட்டிக்கொண்டு போனால், அது சரியில்லை என்றுதான் நானும் சொல்வேன்.

ஆகவே இவை உங்கள் வேலை. செயினைப் பாருங்கள். சின்ன வண்டிகளில் பெரும்பாலும் நடுவில் 2 முதல் 3 சென்ரிமீற்றர் தொய்வு இருக்கலாம். அதற்கு மேல் ஆடினால் இறுக்குங்கள். இறுக்கும்போது சில்லின் இரண்டு பக்கமும் ஒரே கோட்டுக்கு வருகிறதா என்று அடையாளத்தைப் பாருங்கள். டயருக்குக் காற்று அளந்து அடியுங்கள். பிளக்கைக் கழற்றிக் கரியைத் துடையுங்கள். எயார் பில்டரை அடிக்கடி தட்டுங்கள். எங்கட மணலுக்கு அது புத்தகத்தில் சொன்ன காலம் வரைக்கும் தாங்காது. பின் பிரேக் டிரம் பிரேக் என்றால், அதன் நட்டைத் திருப்பி மிதியைச் சரிப்படுத்தச் சாவி ஒன்று போதும்.

ஒயிலும் நீங்களே மாற்றலாம். ஆனால் ஒரு விஷயம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் கிளச் எஞ்சின் ஒயிலுக்குள்ளேயே ஊறிக்கிடக்கிறது. மலிவாகக் கிடைத்தது என்று காருக்குரிய ஒயிலை ஊற்றினால் கிளச் வழுக்கத் தொடங்கலாம். போத்தலில் "ஜாசோ எம்ஏ" என்று அடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வடித்த ஒயிலைத் தயவுசெய்து களப்புக்கரையில் ஊற்றாதீர்கள். அந்தத் தண்ணீரில்தான் இறால் பிடிக்கிறோம்.

இந்த வேலைகளைப் பெண்களும் பழக வேணும் என்று தனியாகச் சொல்கிறேன். காலையில் ஸ்கூட்டியில் பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற எத்தனையோ சகோதரிகள் இருக்கிறார்கள். டயரில் காற்றுக் குறைந்ததைக் கண்டுபிடிக்க வீட்டில் ஓர் ஆண் வந்து நிற்கத் தேவையில்லை.

இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. பிழைத்தால் திருப்பிச் செய்யலாம். செயின் கூட இறுகினால் தளர்த்தலாம். பிளக் சரிவரவில்லை என்றால் வேறு பிளக் போடலாம். முன் ஸ்பொக்கட்டை 15 பல்லில் இருந்து 14 ஆக்கினால் ஏற்றத்தில் இழுவை கூடும், அதே எஞ்சின் ஓட்டத்தில் வேகம் நூற்றுக்கு 7 அளவில் குறையும். பிடிக்கவில்லையா, பழையதைத் திரும்பப் பூட்டலாம். வெட்டிய இரும்பு திரும்ப வராது. சீவிய வயரும் அப்படித்தான்.

வயரில் இருந்தே தொடங்குவோம். கூடுதல் வெளிச்சம் வேணும் என்பது நியாயமான ஆசை. எங்கட றோட்டில் இரவில் மாடு படுத்திருக்கும். ஆனால் 35 வாற்று பல்ப் இருந்த இடத்தில் 100 வாற்று பல்பைப் போடுகிறபோது என்ன நடக்கிறது என்று ஒரு கணக்குப் பாருங்கள். சாதாரண தரத்தில் படித்த கணக்குத்தான். 12 வோல்ற்றில் 35 வாற்று என்றால் ஏறக்குறைய 3 அம்பியர். 100 வாற்று என்றால் 8 அம்பியருக்கும் மேல். வயர் அதே வயர். வயருக்குள் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு கூடும். ஆகவே அந்த மெல்லிய வயரும் சுவிச்சும் முன்பைவிட ஏறக்குறைய 8 மடங்கு வெப்பத்தைத் தாங்க வேணும். அதன் பிறகு பியூஸ் எரிந்தால், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைக்கிறார்கள். பியூஸ் எரிந்தது வண்டியைக் காப்பாற்ற. வெள்ளித்தாள் அந்தக் காவலை எடுத்துவிடுகிறது. அடுத்த முறை எரியப் போவது பெற்றோல் தாங்கிக்குக் கீழே ஓடுகிற வயர்.

எங்கட ஊருக்கென்று ஒரு எதிரியும் உண்டு. உப்புக் காற்று. வயரைச் சீவி, முறுக்கி, கறுப்பு ரேப் சுற்றினால் அன்றைக்கு லைட் எரியும். சில மாதத்தில் ரேப்புக்குள் உப்பும் ஈரமும் போகும். செம்பு பச்சை பிடிக்கும். அந்த மூட்டுச் சூடாகும், அல்லது வளைவு ஒன்றில் திடீரென லைட் அணையும். வீடியோவில் செய்து காட்டுகிற ஆள் இருக்கிற ஊரில் கடல் இல்லை. அவருக்கு அது தெரியாது, அவர் சொல்லவும் மாட்டார்.

எல்ஈடி பல்ப் குறைந்த மின்சாரம்தானே எடுக்கும் என்று கேட்பீர்கள். எடுக்கும்தான். ஆனால் பழைய லைட்டின் உட்கிண்ணம், பல்புக்குள் இழை எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்துக்கென்று வளைத்துச் செய்தது. அதற்குள் பொருந்தாத எல்ஈடியைச் சொருகினால் ஒளி சிதறும். எதிரே வருகிறவரின் கண்ணைக் குத்தும். றோட்டில் படுத்திருக்கிற மாட்டைக் காட்டாது. கூடுதல் வெளிச்சம் வேணும் என்றால் அதற்கென்ற தனி லைட்டை, தனி வயரோடும் ரிலேயோடும் பியூசோடும், தெரிந்தவரைக் கொண்டு பூட்டுங்கள். அது காசு செலவழிக்க வேண்டிய இடம்.

அடுத்தது சைலென்சர். சத்தம் கூடினால் வேகம் கூடியதாக எங்கட தம்பிமார் நினைக்கிறார்கள். கார்பரேட்டரில் எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெற்றோல் என்பது, அந்தச் சைலென்சர் இருக்கும் என்ற கணக்கில் வைத்தது. புகை போகிற வழியை மட்டும் திறந்துவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டால் கலவையில் பெற்றோல் குறையும். எஞ்சின் தேவைக்கு மேல் சூடேறும். வால்வுக்குக் கேடு. வேகம் கூடியதா என்றால், காதுக்குத்தான் கூடியது.

அந்தச் சத்தம் யாருடைய காதில் விழுகிறது என்பதையும் யோசியுங்கள். இரவெல்லாம் கடலில் நின்றுவிட்டுப் பகலில் கண்ணயர்கிற கடற்றொழிலாளி, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, பச்சைக்குழந்தையோடு இருக்கிற தாய், நோயாளி. சத்தமென்றாலே நெஞ்சு பதறுகிற ஆட்கள் இந்த மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். ஏன் பதறுகிறது என்று நான் எழுதத் தேவையில்லை.

மூன்றாவது, இரும்பை வெட்டி ஒட்டுவது. பின் சில்லைப் பிடித்திருக்கிற சுவிங் ஆமை நீட்டுவது, சேசியை அறுத்துச் சீற்றைப் பதிப்பது, அழகுக்கென்று பின்னால் ஒல்லி டயர் போடுவது. வெல்டிங் பிடித்த இடம் பார்க்க உறுதியாகத்தான் இருக்கும். வெடிப்பு விழுவது பெரும்பாலும் அதற்குப் பக்கத்தில். சூடுபட்ட இரும்பின் குணம் அந்த இடத்தில் மாறிவிடுகிறது. ஒல்லி டயர் றோட்டில் படுகிற இடம் சிறிது. மழைக்காலத்தில் நாயாற்றுப் பாலத்தடியில் மணல் படிந்த தாரில் பிரேக் பிடிக்கும்போது அந்தச் சிறிய இடம்தான் உங்களை நிறுத்த வேணும். பின்னால் தங்கச்சியை ஏற்றியிருக்கிறீர்கள் என்றால் அவவையும் சேர்த்து. ஏறி இருப்பவரின் உயிர் ஓட்டுபவர் கையில் ஓர் அமானத். அதை வைத்துப் பரீட்சை பார்க்க ஒருவருக்கும் உரிமை இல்லை.

"உடம்பு என்னுடையது, வண்டி என்னுடையது" என்று ஒரு தம்பி சொல்லக்கூடும். றோட்டு எல்லோருடையது. விழுந்தால் மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடப் போவது ஊர். வண்டி பெரும்பாலும் வாப்பாவின் அல்லது அப்பாவின் லீசிங் காசு. விபத்துக்குப் பிறகு பொலிசோ காப்புறுதிக்காரரோ வந்து பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது அந்த வெட்டும் ஒட்டும்தான். அப்போது எதிரே வந்தவர் பிழையாக வந்திருந்தாலும் பேச்சு உங்கள் பக்கம் திரும்பும்.

"காசு எங்கே இருக்கிறது?" என்ற கேள்விதான் கனமானது. தொழில் இல்லாத மாதங்களில் கராச்சுக்குக் கொடுக்கிற காசு அடுப்பைத் தொடும். அது உண்மை. அதனால்தான் முதல் பாதியை நீங்களே செய்யுங்கள் என்கிறேன். அதில் மிஞ்சுகிற காசு பிரேக்குக்கும் வயரிங்குக்கும் போகட்டும். அழகுக்கென்று ஒட்டு லைட்டும் வர்ண ரிம் ஸ்டிக்கரும் வாங்கக் காசு இருக்கிறது, பிரேக் சூ மாற்றக் காசு இல்லை என்றால் அதை வறுமை என்று சொல்ல மாட்டேன்.

மெக்கானிக்குக்குக் கொடுக்கிற காசில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. பிரேக் பிடிக்காவிட்டால் போய்க் கேட்க ஓர் ஆள் இருக்கிறார். வீடியோவைப் போய்க் கேட்க முடியாது.

எங்கட கரையில் உள்ளவர்களுக்கு இதை நான் படிப்பிக்கத் தேவையில்லை. வெளியிணைப்பு எஞ்சினின் பிளக்கைத் தானே கழற்றித் துடைக்காத கடற்றொழிலாளி இங்கே இருக்கிறாரா? நடுக்கடலில் அதுதான் அவரைக் கரை சேர்க்கும். ஆனால் படகின் அடியில் தானே துளை போட்டு, "போய்ப் பார்ப்பம், தண்ணி வந்தால் யோசிப்பம்" என்று கடலுக்கு இறங்குகிற ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. கடலுக்கு வைத்திருக்கிற அந்தப் பயத்தில் பாதியை றோட்டுக்கும் வையுங்கள்.

இனி மெக்கானிக்மாருக்கு. உங்களுக்கு வக்காலத்து வாங்கவென்று இதை எழுதவில்லை. "சைலென்சரை வெட்டித் தா" என்று பதினேழு வயதுப் பிள்ளை வந்து கேட்டால் காசை வாங்கிக்கொண்டு வெட்டித் தருகிறவர்களும் உங்களுக்குள் இருக்கிறார்கள். "நான் வெட்டாவிட்டால் அடுத்த கராச்சில் வெட்டுவான்" என்பது பதில் ஆகாது. அடுத்தவர் செய்யட்டும், அவர் பதில் சொல்லட்டும். பெடியள் வீடியோவை நம்பப் போனதற்கு நீங்களும் ஒரு காரணம். என்ன பழுது என்று கேட்டால் சொல்வதில்லை. எந்தச் சாமான் மாற்றியது என்று காட்டுவதில்லை. "நாளைக்கு வா" என்று மூன்று நாள் இழுப்பதும் உண்டு. கழற்றிய பழைய சாமானை வண்டிக்காரர் கையில் கொடுங்கள். செய்த வேலையை ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். அதைச் செய்தால் உங்கள் கூலிக்கு ஒருவரும் பேரம் பேச மாட்டார்கள்.

வண்டிக்காரரும் ஒன்றைச் செய்ய வேணும். வேலை முடிந்ததும் கூலியைக் கொடுங்கள். "நம்மட ஆள்தானே, பிறகு தாறன்" என்று சொல்லிவிட்டு மாதக்கணக்கில் அந்தக் கராச்சு வாசலால் போகாமல் சுற்றிப் போகிறவர்களை எல்லோருக்கும் தெரியும்.

கடைசியாகத் தம்பிமாருக்கு. வண்டியைப் பிரித்துப் பார்க்க வேணும் என்று உங்கள் கை துருதுருக்கிறது என்றால் அது நல்ல கை. அதைத் திட்டுகிறவன் நான் இல்லை. அந்தக் கையைச் சைலென்சரில் வீணாக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் 2016 இல் இருந்து இயங்குகிறது. வாகனத் தொழில்நுட்பம் அங்கே படிக்கலாம். நைற்றா ஊடாக ஒரு கராச்சில் பயிலுநராக நின்று தொழில் பழகி என்விகியூ சான்றிதழ் எடுக்கிற வழியும் உண்டு. ஏற்கெனவே பல வருடம் தொழில் செய்கிற மெக்கானிக்மாரும், வகுப்பில் இருக்காமலேயே தங்கள் கைத்திறனைக் காட்டி அந்தச் சான்றிதழைப் பெறலாம்.

இனி வருகிற வண்டிகளில் பலவற்றில் கார்பரேட்டர் இராது. பெற்றோலைக் கணினி அளந்து விடும். அந்த வண்டியில் வயரைச் சீவி முறுக்கினால் லைட் அணைவதோடு நிற்காது, வண்டியே நிற்கும். அதைத் திருத்தத் தெரிந்த ஆள் இந்தக் கரையோரத்துக்கு வேணும். அந்த ஆள் வெளியில் இருந்து வர வேணுமா, எங்கட பிள்ளைகளில் ஒருவராக இருக்க வேணுமா என்பதை நாங்கள்தான் தீர்மானிக்கப் போகிறோம்.

நான் சொன்னதை மறுக்கிறவர்கள் கீழே தாராளமாக எழுதுங்கள், பதில் தருகிறேன். எழுத முதல் ஒருக்கால் வெளியே போய், உங்கள் வண்டியின் பின் பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.